லோகா சம்பலுக்கு ஓர் ஆள்

அவள் ஒட்டி முடித்த பெட்டியைக் குணாளன் கத்தியால் கிழித்துத் திறந்தார்.

"திரும்பக் கட்டு," என்றார்.

தனுஜா போத்தல்களை வெளியே எடுத்தாள். நெத்திலி மீன் போட்ட மிளகாய்ச் சம்பல், ஜாதிக்காய் ஊறுகாய். பபுள் ரேப் உறையை முதலிலிருந்து சுற்றினாள். பாயான் பாரு தொழிற்சாலையில் உருப்பெருக்கிக்கு அடியில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டிப் பழகிய கைகள் அவளுடையவை.

அந்த உற்பத்தி லைனை மூடிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவளுக்கு வேறு எந்த வாசலும் திறக்கவில்லை.

ஆயர் ஈத்தாம் பிளாட்டின் முன்னறையில் உட்கார இடமில்லை. சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள். கணவனும் மனைவியுமாகச் சமையலறையில் தொடங்கிய ஆன்லைன் வியாபாரம், பெயர் 'லோகா சம்பல்'. வெளியாள் யாரும் இதுவரை அதில் கை வைத்ததில்லை.

"நமக்கு ஆள் எதுக்குலா? எல்லாம் இவ பண்ற வேல," என்று குணாளன் மனைவியைக் காட்டினார்.

லோகேஸ்வரி நிமிரவில்லை. வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த விரல் மட்டும் நின்றது.

ஆள் எதற்கு என்று லோகேஸ்வரி போனிலேயே சொல்லியிருந்தாள். புரட்டாசி விரதத்தில் ஈப்போவிலிருந்து ஓர் அம்மா ஊறுகாய் கேட்டிருக்கிறார். அவருக்கு நெத்திலி சம்பல் போய்விட்டது. பிறகு இன்னும் இரண்டு பார்சல்கள் ஆள் மாறிப் போயின. கடையின் ஆன்லைன் பக்கம் முழுக்கத் திட்டு. அதற்குப் பிறகுதான் விளம்பரம் போட்டிருக்கிறாள்.

லோகேஸ்வரி தேநீர் கலக்க உள்ளே போனாள். குணாளன் சட்டென்று கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே விஷயத்த நான் பத்து தடவ கேட்டா உனக்குக் கோவம் வருமா?"

"எங்க சூப்பர்வைசர் இருபது தடவ கேட்பாரு அண்ணே. பழகிருச்சு."

அவர் சிரிக்கவில்லை. அவளுடைய போன் நம்பரைக் கேட்டுத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். மனைவி தேநீரோடு வந்ததும் விலகி நின்று, இரண்டாம் முறை கட்டிய பெட்டியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார்.

"சொல்லி அனுப்புறோம்," என்றார்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தனுஜாவுக்குத் தெரியும். பல இடங்களில் கேட்டதுதான். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

லோகேஸ்வரி லிஃப்ட் வரை வந்தாள். லிஃப்ட் வந்து திறந்தது. ஏறப்போனவளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேல உனக்குத்தான். ஆனா பெட்டி கட்டுறது இல்லம்மா வேல. அவரப் பார்த்துக்கணும்."

தனுஜா புரியாமல் பார்த்தாள்.

"மறதி வியாதின்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னும் கூடத்தான் செய்யுமாம். அவருக்குத் தெரியாது, நான் சொல்லல. தெரிஞ்சா உடைஞ்சிருவாரு. கூரியர் கடைக்கு மோட்டார் சைக்கிள எடுத்துட்டுப் போனவரு, கடல் பாலத்தத் தாண்டி அக்கரையில பத்து காவான் ஊர்ல போய் நின்னாரு. நான் சம்பல் கிண்டுவனா, அவர் பின்னாலேயே போவனா? நீ பெட்டி கட்ட வந்த ஆளு. அவருக்கு அவ்வளவுதான் தெரியணும்."

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டு தானாகக் கீழே போனது.

ஒரு மனுஷனின் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு இதை எப்படி மறைப்பது என்று தனுஜா யோசித்தாள். வேலையும் வேண்டியிருந்தது. தலையாட்டினாள்.

பஸ் நிற்குமிடத்தில் வெயில் சுட்டது. போன் அடித்தது. தெரியாத எண்.

முதலில் தண்ணீர் கொட்டும் சத்தம்தான் கேட்டது.

"குணாளன் பேசுறேன். பாத்ரூம்ல இருக்கேன்."

வேலை இல்லை என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள்.

"லிஃப்ட்கிட்ட அவ எல்லாத்தையும் சொல்லியிருப்பாளே."

தனுஜா வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்ந்தாள்.

"சொல்ல வேணாம்மா. எனக்குத் தெரியும். தனியா போயி டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். ஈப்போ பார்சல் நெசமாவே நான் பண்ண தப்பு. அடுத்த ரெண்டும் வேணும்னே மாத்தி அனுப்பினது."

"ஏன் அண்ணே?"

"ஆள் வைன்னு நான் சொன்னா, ஏன்னு கேட்பா. வியாபாரம் கெட்டுப் போகுதுன்னாதான் அவ ஆள் வைப்பா. ராத்திரி நான் எந்திரிச்சுப் போயிருவேன்னு கதவுகிட்டயே உட்கார்ந்திருக்காம்மா. தூங்குறதே இல்ல."

பஸ் வந்தது. தனுஜா கையசைத்துப் போகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம். எனக்குத் தெரியாதுங்கிற தைரியத்துலதான் அவ நிக்கிறா."

கதவைத் தட்டும் சத்தம். யாரிடம் பேசுகிறீர்கள் என்று லோகேஸ்வரி கேட்டாள். பாட்டுக் கேட்கிறேன் என்று அவர் உரக்கச் சொன்னார். குழாயை இன்னும் திறந்துவிட்டார் போலிருந்தது. அவர் பேசியது தண்ணீருக்கு நடுவே மெல்லத்தான் வந்தது.

"இத உன்கிட்ட சொன்னதும் ஒரு நாளைக்கு எனக்கு மறந்துரும். அன்னைக்கு, எனக்கு என்னாச்சுன்னு உன்கிட்டதான் வந்து கேட்பேன். நீ உண்மையச் சொல்லிரு. அவளால முடியாது."

தனுஜா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் வந்துவிடுவதாகச் சொன்னாள்.