திருவக்கரையில் ஒரு பாடம்

"திரும்பிப் பாக்காதீங்க. அந்த ஆளு இன்னும் நம்ம பின்னாலதான் வர்றான்" என்று லட்சுமியம்மாள் முந்தானையை இழுத்துக் கழுத்துச் சங்கிலியை மூடிக்கொண்டாள்.

பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்க முடியுமா? அவள் புருஷன் வெங்கடாசலம் வாத்தியார் பார்த்தார். வெயிலில் கருத்த உடம்பு, கக்கத்தில் துண்டு, கையில் ஒரு துணி மூட்டை. கூடவே ஒரு பையனும் ஒரு சின்னப் பெண்ணும். அவர் பார்த்ததும் மூவரும் சட்டென்று தரையைப் பார்த்தார்கள்.

அது முப்பத்தெட்டாம் வருஷம், தை மாசத்து ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனத்தில் ரயில் ஏறி மயிலத்தில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் இடுப்பு ஒடிய ஒடிய வாத்தியார் தன் குடும்பத்தைத் திருவக்கரைக்கு அழைத்து வந்திருந்தார். அங்கே வெட்டவெளியில் பெரிய பெரிய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் அதை ராட்சசன் எலும்பு என்பார்கள். படித்தவர்களும் வெள்ளைக்காரத் துரைகளும் வந்து பார்த்து, தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு போய்விடுவார்கள்.

வாத்தியாருக்கு மனசுக்குள் ஒரு குறை உண்டு. அவர் பாடம் நடத்தினால் வகுப்பே தூங்கிவிடும். எத்தனை வருஷம்தான் சுவரோடு பேசுவது? பெற்ற பிள்ளைகளாவது காது கொடுத்துக் கேட்கட்டுமே என்றுதான் இத்தனை தூரம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

குடை முனையால் ஒரு கல்லைத் தட்டினார். "இதப் பாருங்க. பட்டை தெரியுது, கணு தெரியுது. மரம் மாதிரியே இருக்குது. ஆனா கல்லு!"

"அப்பா, முறுக்கு எந்தப் பையில இருக்குது?" என்றான் மகன் பெரியதம்பி. மகள் காந்திமதி அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து கொட்டாவி விட்டாள்.

வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போனார். அந்த ஆளும் வந்தான். அவர் நின்றால் நின்றான், நடந்தால் நடந்தான்.

"சங்கிலி மேலதாங்க அவன் கண்ணு. எங்கம்மா போட்டு அனுப்புன சங்கிலி. வாங்க, ஜல்தியா வண்டிக்குப் போயிடலாம்."

"சும்மா இரு. புள்ளைங்க எதிர்ல பயந்துக்கினு ஓடுறதா?" என்றார் வாத்தியார்.

சொல்லிவிட்டாரே தவிர, ஆள் நடமாட்டம் இல்லாத இடம். அவரும் குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார். "ரொம்பக் காலத்துக்கு முந்தி ஒரு பெரிய வெள்ளம் வந்துது. எங்கியோ இருந்த மரமெல்லாம் வேரோட சாஞ்சு, வெள்ளத்துல அடிச்சிக்கினு வந்து இங்க மண்ணுல பொதைஞ்சுது. பொதைஞ்ச மரத்துக்குள்ள..."

குரல் இறங்கியதுதான் தாமதம், அந்த ஆள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்துவிட்டான்.

பாடம் பாதியில் நின்றது. "டேய்! நில்லுடா அங்கியே! யாருடா நீ?"

"மாரியப்பனுங்க, சாமி. இந்த ஊரு சேரிங்க."

"மூட்டையில என்னடா வெச்சிருக்கே?"

"ஒண்ணுமில்லீங்க, சாமி."

"கீழ வெச்சிட்டு எட்டிப் போ. நானே பாக்குறேன்."

மாரியப்பன் மூட்டையைத் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினான். சேரிக்காரன் மூட்டையை வாத்தியார் கையால் தொடுவாரா? குடை முனையை முடிச்சில் விட்டு வெடுக்கென்று இழுத்தார். துணி பிரிந்து, உள்ளே இருந்த கேப்பை அடைகள் மண்ணில் விழுந்தன. கூடவே கொஞ்சம் அவித்த மல்லாட்டைக் கடலையும் சிதறியது. வேறு ஒன்றும் இல்லை.

மாரியப்பனின் மகன் ஓடிவந்து, அடைகளில் ஒட்டிய மண்ணை ஊதி ஊதித் துணியில் எடுத்து வைத்தான். பெரியதம்பி முறுக்குத் தின்பதை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்தான். லட்சுமியம்மாளுக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

வாத்தியாருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. தன் பிள்ளைகள் பார்க்க, இன்னொருத்தன் பிள்ளைகளின் சோற்றை மண்ணில் கொட்டிவிட்டோமே என்று உடம்பெல்லாம் கூசியது. குடையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் வெட்கம் வந்தால் அவருக்குச் சத்தமும் சேர்ந்து வந்துவிடும். வகுப்பிலும் அப்படித்தான்.

"திருடுற எண்ணம் இல்லேன்னா, எதுக்குடா காலையிலேர்ந்து பின்னாலயே சுத்திக்கினு வர்றே? வாயத் தொறந்து சொல்லேன்!"

மாரியப்பன் இன்னும் குனிந்துகொண்டான். "தப்புதாங்க, சாமி. மன்னிச்சுக்கோங்க. இனிமே வரலீங்க" என்று கும்பிட்டுவிட்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டான்.

பையன் போய்விட்டான். சின்னப் பெண் நகரவில்லை. ஐந்து வயசுகூட இருக்காது. அப்பன் கையைப் பிடித்து இழுக்க இழுக்க, காலை மண்ணில் ஊன்றிக்கொண்டு வாத்தியார் முகத்தையே பார்த்தாள்.

"பொதைஞ்ச மரம் அப்பறம் எப்புடி சாமி கல்லாச்சு?"