தக்காளி டிரைவர்

"அண்ணே, முதல்ல அந்த டப்பாவைக் காலி பண்ணுங்க. மானேஜர் என்ன, உங்களைக் கடிச்சா தின்னுடப் போறாரு?"

டிப்போ மானேஜர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் டிரைவரும் கண்டக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரின் மடியில் திறந்த சாப்பாட்டு டப்பா. உள்ளே வதக்கிய தக்காளி, கீரை, வேகவைத்த மீன் ஒரு துண்டு, ஓரத்தில் ஒரு கைப்பிடி பூசணி விதை.

"எங்கப்பா சாப்பிடறது? மானேஜருக்கு வந்திருக்கிற புகார் மனுல நாற்பத்திரண்டு கையெழுத்தாம். கிளார்க் சொன்னான்."

"நம்ம பஸ்ஸைப் பத்திதான்னு என்ன நிச்சயம்?"

"வண்டி நம்பரைப் பார்த்தானாம். வழியில நிக்கிறதைப் பத்தித்தான் எழுதியிருக்காங்களாம். மிச்சத்தைப் படிக்கிறதுக்குள்ள மானேஜர் பிடுங்கிக்கிட்டாராம்."

டிரைவர் பயந்ததில் நியாயம் இருந்தது. பல வருடமாக, நான்கு மணி நேரப் பயணத்தில் ஐந்து இடங்களில் பஸ்ஸை நிறுத்தியவர் அவர். ஏன் என்று கேட்டால், "டயர் பார்க்கணும்" என்பார். டயர் பார்க்கிற மனுஷர் எதற்காகப் பெட்ரோல் பங்க் கழிப்பறைக்குள் ஓடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. கண்டக்டர்தான் ஒருநாள் கேட்டார்.

"அண்ணே, நம்ம டயர் உள்ளேயா இருக்கு?"

மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டார். புரோஸ்டேட் சுரப்பி கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதினார். சாப்பாட்டுக்கும் தனியாக ஒரு சீட்டு கொடுத்தார். காய்கறி, பழம், மீன் தாராளமாக. தக்காளியைச் சமைத்துச் சாப்பிட்டால் நல்லது. உப்பும் கொழுப்புக் கறியும் குறைய வேண்டும். வண்டி எடுப்பதற்கு முன்னால் டீயும் கிடையாது, காபியும் கிடையாது.

அந்தச் சீட்டைக் கண்டக்டர் நேராகக் கொண்டுபோய் டிரைவரின் மனைவியிடம் கொடுத்தார். டிரைவரின் சுதந்திரம் அன்றோடு போயிற்று.

வீட்டில் அண்ணி காவல், பஸ்ஸில் கண்டக்டர் காவல். டீக்கடை கண்ணில் பட்டாலே, "அண்ணே, ரோட்டைப் பாருங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். டிப்போவில் அவருக்குத் 'தக்காளி டிரைவர்' என்றே பெயர் விழுந்தது. வெட்கமாக இருந்தாலும் மென்று விழுங்கினார். மூன்று மாதத்தில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, அவசரமும் அடங்கியது. போன ஒரு மாதமாகப் பஸ் வழியில் எங்கேயும் நிற்காமல், அரைமணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. டிரைவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"எல்லாம் சரியாப் போன நேரத்துலதான் பழசைக் கிளறணுமா?" என்றார் இப்போது, விதையைக் கொறித்தபடி. "ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம். ரூட்டை விட்டு எடுத்துட்டாங்கன்னா, டிப்போக்குள்ளயே வண்டியை முன்ன பின்ன நகர்த்திக்கிட்டுக் கிடக்கணும். அந்த ரோடு இல்லாம என்னால இருக்க முடியாதுப்பா."

கண்டக்டருக்கும் கலக்கமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"யாரு போட்டிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?"

"நம்ம பஸ்ல வர்ற பெருசுங்கதான், வேற யாரு? நான் எறங்கினா பின்னாடியே கூட்டமா எறங்குவாங்களே. எல்லாம் வேவு பார்க்கத்தான்!"

"உள்ளே வாங்க!" என்று குரல் வந்தது.

மானேஜர் முகத்தில் சிரிப்பு இல்லை. மேஜையில் நாலு பக்க மனு, ஓரமெல்லாம் கையெழுத்து.

"எத்தனை வருஷமா இந்த ரூட்டு?"

"பதினொண்ணு சார்."

"பதினோரு வருஷத்துல உங்க மேல ஒரு புகார் வந்ததில்லை. இப்ப என்னடான்னா ஊரே திரண்டு வந்திருக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?"

டிரைவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் தலையை ஆட்டினார், சொல்லிவிடுங்கள் என்று.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். டயர்ல ஒண்ணும் இல்லை சார். கோளாறு எனக்குத்தான். புரோஸ்டேட்டு. அடக்க முடியாமதான் நிறுத்தினேன். இப்ப மாத்திரை சாப்பிடறேன், வாயைக் கட்டிட்டேன், கறியைக் குறைச்சுட்டேன். டீயைக் கண்ணால பார்த்தே மூணு மாசம் ஆச்சு. சத்தியமாச் சொல்றேன் சார், இனிமே நம்ம பஸ் வழியில எங்கேயும் நிக்காது!"

"நான் சாட்சி சார்," என்றார் கண்டக்டர். "தினமும் தக்காளி சார். பார்க்கிற எனக்கே பாவமா இருக்கும்."

மானேஜர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"யோவ், என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலா இவ்வளவும் பேசினீங்க? கேளுங்க." மனுவை எடுத்து வாசித்தார். "'ஐயா, இந்த பஸ் ஒரு மாதமாக வழியில் எங்கேயும் நிற்பதில்லை. அறுபது வயதைத் தாண்டிய நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் விரைவு பஸ்ஸை விட்டுவிட்டு, இத்தனை வருடம் இதில் ஏறியதே அந்த ஐந்து இடங்களை நம்பித்தான்.'"

டிரைவர் இடுப்பில் நழுவிய பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நாளையிலேர்ந்து அஞ்சு இடத்துலயும் வண்டி நின்னாகணும்," என்று மனுவை அவர் பக்கம் தள்ளினார் மானேஜர். "முதல் கையெழுத்து என் மாமனாரோடது. சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகணுமா, வேண்டாமா?"