கறுப்பு டைல்ஸ்
கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையின் மதிலை ஒட்டிய வீடு. அமுலு இப்போதுதான் கூடத்தைத் துடைத்து முடித்திருக்கிறாள். வெள்ளை டைல்ஸில் ஜன்னல் வெளிச்சம் பாலாய்க் கிடக்கிறது. அதன் மேல் அதற்குள்ளாகவே மிளகுப்பொடி தூவினாற்போல் ஆலையின் கறுப்புத் தூள் இறங்குகிறது. வாளித் தண்ணீர் மைபோலக் கறுத்திருக்கிறது. இந்தத் தூளைப் பற்றி அவள் கொடுத்த புகாருக்காக வந்திருக்கிற ஆலை அதிகாரி, ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, வெள்ளை சாக்ஸோடு கூடத்தின் நடுவில் நிற்கிறார். "வெள்ளை டைல்ஸ் போட்டா எல்லாம் தெரியத்தாம்மா செய்யும். கறுப்புல மாத்திடுங்க, ஒண்ணும் தெரியாது" என்கிறார் சிரித்தபடி. அமுலு மாப்பைச் சுவரில் சாத்துகிறாள். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கித் தரையில் ஓர் இழுப்பு இழுக்கிறாள். காந்தத்தில் கறுப்பு மீசை முளைக்கிறது. அதை அவர் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். "இது ஊட்டுத் தூசா சார்? இரும்பு! நாங்க இன்னா, இரும்பையா ஆக்கித் துன்றோம்?" அவர் வாய் திறக்குமுன் அவளுடைய கைக்குழந்தை தவழ்ந்து வருகிறது. உள்ளங்கை இரண்டும் கறுப்பு. அமுலு எட்டுவதற்குள் ஒரு கை வாய்க்குள் போய்விடுகிறது. பிள்ளையை வாரியெடுத்து, தோளில் கிடந்த துண்டால் அதன் நாக்கைத் துடைத்தபடி கத்துகிறாள்: "தரைய மாத்திட்றேன் சார். இவ நெஞ்ச எந்தக் கலர்ல மாத்தறது? சொல்லிட்டுப் போ!" அவர் திரும்பி நடக்கிறார். வாசலில் ஷூ மாட்டக் காலைத் தூக்குகிறார். வெள்ளை சாக்ஸின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு. முகம் சுளித்து, அதைத் தட்டித் தட்டி உதறுகிறார், அமுலுவின் வாசற்படியிலேயே.