பன்னிரண்டு நாள் முட்டை

"அத்தை, இதெல்லாம் பழசு!"

மருமகள் முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழுப்புப் புள்ளிகளுக்கு நடுவே பென்சிலில் தேதி. மாமியார் கொல்லையில் வான்கோழி வளர்ப்பவள். கூண்டிலிருந்து எடுத்த கையோடு ஓட்டில் தேதி எழுதிவிடுவாள். இந்த நாலு முட்டையிலும் பன்னிரண்டு நாளுக்கு முந்தைய தேதி.

"கெட்டுப் போகலை. ஃபிரிட்ஜுலதானே இருந்துச்சு? உங்க அப்பாவுக்கு அதையே வேக வை. காலையில எடுத்த நாலும் நமக்கு" என்று சொல்லிவிட்டு, மாமியார் தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். ஏன், எதற்கு என்று விளக்கம் சொல்கிற வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? சொன்ன பேச்சைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று இரண்டு வருஷமாக முகத்திலேயே விழிக்காத அப்பா, இன்றைக்குத்தான் முதல்முறையாக வருகிறார். அவருக்குப் பழசு, இவங்களுக்குப் புதுசா?

கணவனிடம் சொல்லலாம் என்றால் அவன் காலை ஷிஃப்ட். சொன்னாலும், "அம்மா எது செஞ்சாலும் காரணம் இருக்கும்" என்பான். பெரிய காரணம்!

காலையில் எடுத்த நாலையும் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். கோழி முட்டைக்குப் பத்து நிமிஷம் என்றால் இதற்குப் பதினெட்டு. வெந்ததும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அடிப்பக்கம் தட்டி, ஆசையாக உரிக்க ஆரம்பித்தாள்.

ஓடு வரவில்லை. உள்தோல் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தை விட்டுக் கிளப்பினால் வெள்ளைக்கருவும் சேர்ந்து பிய்ந்தது. குழாயடியில் பிடித்துப் பார்த்தாள், ஸ்பூனை விட்டுப் பார்த்தாள். நாலும் எலி கடித்தது போல ஆயிற்று. ஒன்றில் மஞ்சள் வெளியே எட்டிப் பார்த்தது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா முப்பது வருஷம் தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரர். "ஒரு முட்டையை ஒழுங்கா உரிக்கத் தெரியாது. நீ எல்லாம் குடும்பம் நடத்தி!" கடைசியாக அவர் பேசியதே அதுதான்.

"புதுசை எடுத்துட்டியா?"

மாமியார் வாசற்படியில் நின்றாள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, போய் முகத்தைக் கழுவிட்டு வேற புடவை கட்டிக்கோ. மனுஷன் வர்ற நேரம்."

அவள் திரும்பி வந்தபோது மேஜையில் நாலு முட்டை வழுவழுவென்று, ஒரு கீறல் இல்லாமல். பழைய முட்டைகள். பக்கத்திலேயே அவள் உரித்த அலங்கோலம்.

'பக்கத்துல பக்கத்துல வெச்சு மானத்தை வாங்கப் போறாங்க' என்று நினைத்தாள்.

அப்பா வந்தார். இளைத்திருந்தார். "நல்லாயிருக்கியா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மாமியார் நல்ல முட்டைகளில் இரண்டை அவர் தட்டில் வைத்து, உப்பையும் மிளகுத் தூளையும் நகர்த்தினாள். பிய்ந்ததில் இரண்டை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

அப்பாவின் பார்வை அந்தத் தட்டுக்குப் போய்விட்டது. முப்பது வருஷப் பழக்கம், போகாமல் இருக்குமா?

"இது யார் உரிச்சது?"

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்தக் கந்தரகோலம் நான் பண்ணினது சம்பந்தி. அவசரத்துல கையில வந்ததை எடுத்துட்டேன்" என்றாள் மாமியார். "உங்க தட்டுல இருக்கறது உங்க பொண்ணு உரிச்சது. அவ கைக்கு வான்கோழி முட்டைகூடச் சொன்னபடி கேக்குது."

அப்பா முட்டையை உப்பில் தொட்டுக்கொண்டார். இரண்டையும் சாப்பிட்டார். மூன்றாவதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவப் போனவருக்குத் துண்டு கொடுக்கப் பின்னாலேயே போனாள் மகள். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"அப்பா, நல்லா இருந்ததை நான் உரிக்கலை. பிஞ்சு போனதுதான் என்னோடது."

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னன்னைக்கு எடுத்த முட்டையை எந்தக் கொம்பனாலயும் உரிக்க முடியாதும்மா. நான் உரிச்சாலும் பிஞ்சுதான் வரும். பத்துப் பன்னெண்டு நாள் வெச்சிருந்தாதான் தோல் விடும். என் முன்னாடி உன் தலை குனியக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்து எடுத்து வெச்சிருக்காங்க. நீ மாத்தி வேக வெச்சிருக்கே."

'பழசு, பழசு' என்று எத்தனை திட்டு திட்டினோம் மனசுக்குள்!

திடீரென்று ஒன்று உறைத்தது.

"நீங்க வர்றேன்னு போன் பண்ணினதே முந்தாநாள்தானேப்பா? அத்தை எப்படிப் பன்னெண்டு நாளைக்கு முன்னாடியே..."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டை எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

"நானா எங்கம்மா வந்தேன்? இந்த ரெண்டு வாரத்துல நாலு தடவை உங்க அத்தை என் வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. மூணு தடவை நான் கதவையே திறக்கலை."