ஈரச் சாக்கு வாசம்

ஒயின் கோப்பையை மூக்கருகே கொண்டுபோன ஜோஸ்லினுக்கு ஈரச் சாக்கு வாசம் அடித்தது.

கீழே வைத்தாள். மறுபடி எடுத்து முகர்ந்தாள். அதே வாசம். மழையில் நனைந்து, மூலையில் கிடந்து, காயாமலே போன சாக்கு.

மேசையைச் சுற்றி அவளைத் தவிர ஆறு பேர். ஐந்து பேர் கோப்பையைச் சுழற்றி, ஒரு வாய் குடித்து, தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது ஆள் அப்புசாமி. கோபியில் பிறந்தவர். கடல் கடந்து டாஸ்மேனியாவில் குளிர்காற்று அடிக்கும் ஒரு சரிவில் இருபது வருடமாகத் திராட்சை போட்டு ஒயின் செய்கிறார். டாஸ்மேனியா என்றதும் யாரோ டாஸ்மாக் என்று சொல்லிச் சிரிக்க, அவரும் சேர்ந்து சிரித்தார். எல்லா ஊரிலும் கேட்ட ஜோக்காக இருக்கும்.

பாட்டிலைத் திறந்து, தாமே முதலில் முகர்ந்து, தாமே எல்லோருக்கும் ஊற்றினார்.

"ஒரே தோட்டத்து ஷார்டனே, வெள்ளை ஒயினுங்க. வேற தோட்டத்துக் குலை ஒண்ணுகூடச் சேர்க்கலை. எலுமிச்சைத் தோலு, பச்சை ஆப்பிளு, கடைசியில கொஞ்சம் ஈரக் கல்லு. குளிர்ல வெளைஞ்ச பழம், பழுக்க அவசரப்படாதுங்க."

ஈரக் கல்லாவது! ஜோஸ்லினுக்குச் சாக்கைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

அவர்கள் கூடியிருந்த அந்த அவினாசி சாலை ஓட்டலுக்கு எந்த ஒயினை வாங்கலாம் என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். மூக்குதான் அவள் பிழைப்பு.

அந்த மூக்கு பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் போயிற்று. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு தெரிந்ததெல்லாம் கோணலாகத் தெரிந்தது. காபியில் கருகிய ரப்பர். ரசத்தில் மண்ணெண்ணெய். பெருந்துறையில் இருக்கும் அம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை. லேபிளைப் படித்து, பழைய ஞாபகத்தை வைத்து, நாக்கில் படும் புளிப்பை வைத்து ஒப்பேற்றிவந்தாள். "நீ சொன்னாச் சரிதாம்மா" என்று மேலாளர் கரீம் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

இப்போது இந்தச் சாக்கு.

மூக்கு பொய் சொல்கிறதா, பாட்டில் கெட்டிருக்கிறதா?

பாட்டிலை அடைத்திருக்கும் கார்க் கெட்டால் ஒயின் இப்படித்தான் நாறும். நல்ல நாளில் என்றால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பாள். ஆனால் இன்றைக்குத் தவறாகச் சொல்லிவிட்டால்? செய்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். முகர்ந்து பார்த்துத்தான் ஊற்றினார்.

தண்ணீர் எடுப்பதுபோல் எழுந்து ஓரத்து மேசைக்குப் போனாள். கடைசியில் கொடுப்பதற்காக ஃபிளாஸ்கில் காபி வைத்திருந்தார்கள். மூடியைத் திருகினாள்.

காபி.

காபி, காபியாகவே மணந்தது.

மேசைக்கு முதுகு காட்டி நின்றிருந்தது நல்லதாகப் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொள்ள முடிந்தது. இன்னொரு முறை முகர்ந்தாள். எதிரில் கிண்ணத்தில் இருந்த சோம்பை முகர்ந்தாள். சோம்பு, சோம்பாக இருந்தது.

திரும்பி வந்து, உட்காராமலே சொன்னாள்.

"மன்னிக்கோணுங்க சார். இந்தப் பாட்டில் கெட்டுப்போச்சுங்க. ஒயின்ல குத்தமில்லீங்க, கார்க்குதான்."

மேசையில் இருந்த கரீமின் முகம் வெளுத்தது. தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள். அப்புசாமி அவளையே பார்த்தார். கோபம் இல்லை. பைக்குள் கைவிட்டு இன்னொரு பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அவளே திறந்தாள். ஊற்றினாள். முகர்ந்தாள்.

எலுமிச்சைத் தோல், நகத்தால் கீறினால் தெறிக்குமே, அந்தப் புதுசு. பச்சை ஆப்பிள் எங்கேயும் இல்லை. அதன் இடத்தில் பம்பளிமாஸ். அடியில், கிழித்த கையோடு ஊதி அணைத்த தீக்குச்சி. வாயில் வைத்ததும் நாக்கின் இரண்டு ஓரமும் கூசின. விழுங்கிய பிறகும் புளிப்பு போகாமல் நின்று, மெல்ல மெல்லக் கரைந்தது.

பதினான்கு மாதமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை அவள் அப்போதுதான் விட்டாள்.

மற்றவர்களும் குடித்துப் பார்த்தார்கள். முதல் பாட்டில் என்னவோ மாதிரிதான் இருந்தது என்று இப்போது ஆளுக்கு ஆள் சொன்னார்கள். கரீம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் காபிக்கு அழைத்துப் போனார்.

அப்புசாமி மட்டும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது பாட்டிலில் ஊற்றிய கோப்பை அவர் முன்னால் தொடாமல் இருந்தது.

"ஏனுங்க அம்மணி, செத்த உக்காருங்க" என்றார். வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"எனக்கு வாசமே தெரியாமப் போயி மூணு வருசமாச்சுங்க. ஊட்லகூடச் சொல்லலை. கூட வேலை செய்யறவங்க சொல்றதுக்குத் தலையாட்டிப்போட்டு, பழைய வருசத்து ஞாபகத்துல பேசிட்டுத் திரியறேன். இந்த வருசத்துது எப்படி இருக்குதுன்னு எனக்கே தெரியாதுங்க."

கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க."

ஜோஸ்லின் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கோப்பையை எடுத்தாள். அப்புசாமி கண்ணை மூடிக்கொண்டார்.