ரயில் வராத ஊரில் ஒரு பெட்டி

"ஒரு நிமிசம்க்கா! உள்ள தலைய விட்டுப் பாத்துட்டு ஓடிப் போயிருவேன். சாவியக் குடுங்க!"

இத்ரீஸ் கெஞ்சினான். பாண்டீஸ்வரி அசைவதாக இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தப் பழைய ரயில் பெட்டியின் கதவை மறித்து நின்றாள்.

சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டத்தில் ரயில் பெட்டிக்கு என்ன வேலை என்றால், அதைப் பாண்டீஸ்வரியின் புருஷன் சுருளிராஜனைத்தான் கேட்க வேண்டும். மதுரையில் ஏலத்துக்கு வந்த மரப்பெட்டியை, சக்கரத்தைக் கழற்றிவிட்டு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய புண்ணியவான் அவர்தான். 'ரயில் விடுங்கன்னு ஊரே மனுக் குடுத்துச்சு. ரயில் வரல, சுருளிராஜன் பெட்டிய மட்டும் கொண்டாந்துட்டாரு' என்று டீக்கடையில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். மனுஷனுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டாலே சோறு இறங்காது.

இத்ரீஸ் உத்தமபாளையத்து ஏலக்காய் வியாபாரி. வியாபாரமெல்லாம் பேருக்குத்தான். பழைய ரயில் பெட்டி எங்கே கிடக்கிறது, எவன் வைத்திருக்கிறான், எவன் உடைத்தான் என்று ஊர் ஊராகத் துப்புத் துலக்குவதுதான் அவனுடைய முழுநேரக் கிறுக்கு.

"இதோட கூடப் பொறந்தது பூராம் போச்சுண்ணே," என்றான் பக்கத்தில் நின்ற சுருளிராஜனிடம், துக்கம் சொல்ல வந்தவனைப் போல. "ஒண்ண ராஜபாளையத்துல அறுத்துக் கதவு நெலை செஞ்சுட்டாக. ஒண்ணு மானாமதுரையில கோழிக்கூடாக் கெடந்து கரையான் அரிச்சுப் போச்சு. முழுசா நிக்கிறது இது மட்டுந்தான். உள்ள, கதவுக்கு மேல ஒரு பித்தளைத் தகடு இருக்கும். அதுல 1927ன்னு போட்டிருந்தா சந்தேகமே இல்லண்ணே, இதுதான் அது!"

"தகடு இருக்கு பாய். பெயிண்ட் அப்பிக் கெடக்கு, சுரண்டித்தான் பாக்கணும்," என்றார் சுருளிராஜன். "ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். நாளைக்குப் பழைய இரும்புக்காரன் ராஜமணி லாரியோட வாரான், பெட்டிய ஒடைக்க. நீங்க சொல்றாப்புல வெள்ளைக்காரன் காலத்துப் பெட்டின்னு தெரிஞ்சா, எந்தக் கொம்பன் வந்தாலும் குடுக்க மாட்டேன். கேலி பேசுன பயலுகள இங்கன வரிசையா நிக்க வச்சுக் காட்டுவேன். இல்லையா, இந்தச் சிரிப்பு நாளையோட ஒழியட்டும்."

இத்ரீஸ் தலையில் கையை வைத்துக்கொண்டான். ஊரெல்லாம் அலைந்து கடைசியில் முழுசாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அதுவும் நாளைக்கு விறகா?

"பாண்டி, கதவத் தெற," என்றார் சுருளிராஜன்.

"உள்ள பூச்சி மருந்து வச்சிருக்கேன். நெடி ஆளையே சாச்சுப்புடும்."

"மூக்கப் பொத்திக்கிறேன்க்கா," என்றான் இத்ரீஸ்.

"கோழி அடை கெடக்கு. வெளியாளு போனா முட்டையெல்லாம் கூமுட்டையாப் போகும்."

"அந்த நெடியில கோழி மட்டும் எப்பிடிக்கா அடை கெடக்குது?"

பாண்டீஸ்வரி திருதிருவென்று முழித்தாள். "எனக்கென்ன தெரியும்? சாவியக் காணோம்!"

"இடுப்புல தொங்குறது என்ன, ஒட்டியாணமா?" என்று கேட்டார் சுருளிராஜன்.

அவள் சாவியை வெடுக்கென்று எடுத்து முந்தானைக்குள் முடிந்துகொண்டாள். "என் உசுரே போனாலும் தெறக்க மாட்டேன்!"

வந்த ஆள் முன்னால் சுருளிராஜனுக்கு மானம் போனது. "கோவிச்சுக்காதீக பாய். போன மாசம் வரைக்கும் 'இந்தச் சனியன வித்துத் தொலைங்க'ன்னு என் உசுர எடுத்தவ இவதான். இப்ப என்னடான்னா காவல் நிக்கிறா! புடிச்சா ஒரே புடி. எங்க மக பவுனுவக் கட்டிக் குடுத்து இதுதான் மொதல் ஆடி, இங்க கூட்டியாந்துட்டோம். ஆவணி பொறக்குற வரைக்கும் மாப்பிள்ளை இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு நான் சொல்லிட்டேன். மனசு கேக்காம அவுக பைக்க எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல நின்னாக. இவ ஒரு டம்ளர் மோரக் குடுத்து அப்பிடியே திருப்பி அனுப்பிச்சுட்டால்ல! அப்பேர்ப்பட்ட ஆளு."

இத்ரீசுக்கு அடுத்தவன் வீட்டு மாப்பிள்ளையைப் பற்றி என்ன கவலை? பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். சன்னல் பலகை அத்தனையும் இறக்கிக் கிடந்தது. உள்ளேயிருந்து கரகரவென்று ஏதோ சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னக்கா சத்தம்?"

"எலி!" என்றாள் பாண்டீஸ்வரி, கேட்டு முடிப்பதற்குள்.

"பூச்சி மருந்து, கோழி, இப்ப எலியா?" சுருளிராஜனுக்குச் சுர்ரென்று ஏறியது. "சாமான் வைக்கவும் லாயக்கில்ல, பாக்க வந்தவுகளுக்குக் காட்டவும் வழியில்ல. இதைக் கட்டிக்கிட்டு நான் எதுக்கு ஊர்ச் சிரிப்ப வாங்கணும்?" என்று சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்தார். "அலோ, ராஜமணியா? லாரி நாளைக்கு வேண்டாம்ப்பா. இப்பவே அனுப்பு. ஆமா, நாலு ஆளு, கோடாலியோட!"

"அண்ணே, வேண்டாம்ணே!" இத்ரீசுக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா! ஒரு நிமிசந்தானே கேட்டேன்!"

பாண்டீஸ்வரிக்கும் முகம் வெளுத்துப்போனது. சாவியை மட்டும் விடவில்லை.

அப்போது தடாலென்று ஒரு சன்னல் பலகை மேலே ஏறியது.

"மாமா, ஒடைக்கச் சொல்லிராதீக! பெயிண்டச் சுரண்டிப் பாத்துட்டேன், 1927தான்!" என்று தலையை நீட்டிக் கத்தினார் மாப்பிள்ளை.

அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து பவுனுவின் குரலும் வந்தது: "ஏழுதாம்ப்பா, நானும் பாத்தேன்!"