நாலு விரல் கூடுதல்

வெயில் வயலில் சாய்வாக விழுந்து கிடக்கிறது. மினி டிராக்டரில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் புது ரோட்டவேட்டர், சிவப்புப் பெயின்ட்டில் இன்னும் ஒரு கீறல் விழவில்லை. கடையில் புருஷன் கண் முழுக்கப் பெரிய ரோட்டவேட்டர் மேல்தான் இருந்தது. இவளோ பின்சக்கரங்களின் அகலத்தைக் கயிற்றில் அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்துப் போயிருந்தாள். அந்த அளவைவிட இரண்டு பக்கமும் நாலு விரல் மட்டும் கூடுதலாக இருந்த சின்ன ரோட்டவேட்டரைத்தான் கைகாட்டினாள். "இது போதும். பெருசை மாட்டினா நம்ம வண்டிக்கு மூச்சு வாங்கும்." "சின்னது டயர்த் தடத்தை அழிக்காது, அப்படியே நிக்கும் பாரு" என்று வழியெல்லாம் முணுமுணுத்தவன், இப்போது வரப்பில் நிற்கிறான். அவள் ரோட்டவேட்டரை இறக்குகிறாள். கத்திகள் மண்ணைத் தொட்டதும் எஞ்சின் சத்தம் கம்முகிறது. மறுகணம் சத்தம் தெளிந்து சீராகிறது. காய்ந்த கட்டிகள் கடகடவென்று உடைந்து மாவாக விழுகின்றன. மறுகோடியில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறாள். அவன் வயலுக்குள் இறங்கி, தொலைத்த மோதிரத்தைத் தேடுகிறவன்போலக் குனிந்து குனிந்து வருகிறான். "தடம் எங்கயாவது இருக்கும்." "இருக்கே. பின்னாடி பாருங்க." பார்க்கிறான். பூப்போல உதிர்ந்த மண்ணில், வரப்பிலிருந்து அவன் நிற்கும் இடம்வரை, அவனுடைய பெரிய காலடிகள். மீசைக்கடியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்கிறான், "இப்ப எப்படி வெளிய வர்றது?" "பறந்து வாங்க." அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் பழைய காலடிகளிலேயே ஒவ்வொன்றாகக் கால் வைத்து, பயபக்தியோடு வரப்புக்குத் திரும்புகிறான்.